சாலையிலிருந்து அரைமணி தூரம்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் விடியும்போதே பாதி வியாபாரம் முடிந்திருக்கும். தோவாளையிலிருந்து வந்த பூ மூட்டைகள் பிரிக்கப்பட்டு, தமிழ்நாட்டுக் காய்கறி லாரிகள் காலியாகி, சுமைதூக்கும் தொழிலாளிகள் இரண்டாவது டீக்கு உட்கார்ந்திருப்பார்கள். கிழக்கே கோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெரு, 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. அன்றிலிருந்தே தமிழ் வியாபாரிகளின் தெரு. 1956-ல் எல்லைக்கோடு மாறி தோவாளையும் நாகர்கோவிலும் வேறு மாநிலமாயின. தெருவில் கேட்கும் தமிழுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இந்தத் தெருவில் யாரிடமாவது மரம், பறவை, பச்சை என்று பேச்செடுத்தால் கை நேராகப் பொன்முடியைக் காட்டும். சுமார் 55 கி.மீ. தூரம். வேன் பிடிக்க வேண்டும், குடும்பத்தைக் கிளப்ப வேண்டும், ஒரு நாள் கடையை அடைக்க வேண்டும். அகஸ்தியர்கூடம் என்றால் வனத்துறை அனுமதி, 1,868 மீட்டர் ஏற்றம். கடை வைத்திருப்பவருக்கு எப்போது ஒழியும்? அதனால் பலருடைய கேமரா கல்யாண ஆல்பத்தோடு ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது கையில் இருக்கும் போனின் கேமராவும் சரக்கு ரசீதைப் படம் எடுக்கத்தான் பயன்படுகிறது.

தலையைத் தூக்கினால் போதும் என்பது இந்தத் தெருவைப் பொறுத்தவரை மிகையல்ல. இங்கே பாத்திரக் கடை வைத்திருந்தபடியே தமிழில் கடைத்தெருக் கதைகள் எழுதிய ஆ. மாதவன் (2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021-ல் மறைந்தார்) தன் நாவல் ஒன்றுக்கு வைத்த பெயர் 'கிருஷ்ணப் பருந்து'. செங்காவி முதுகும் வெள்ளைத் தலையுமாக வட்டமிடும் அந்தப் பறவையை நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பத்மநாப சுவாமி கோயில் பக்கத்திலேயே இருக்க, கருடன் சாலையின் கூரைகளுக்கு மேல் சுற்றுவதற்கு மீன் கழிவுதான் காரணம் என்று சொன்னால் பக்தர்கள் கோபிக்கக்கூடும்.

தெருவை விட்டு ஐந்து நிமிடம் நடந்தால் அட்டக்குளங்கரை அரசுப் பள்ளி. அதன் வளாகத்து மரங்கள் நகரத்தில் ஒரு சண்டையையே கிளப்பின. பஸ் நிலையமும் வணிக வளாகமும் கட்ட பள்ளி நிலத்தை எடுக்கும் திட்டத்தை, சைலன்ட் வேலிக்காகப் போராடிய கவிஞர் சுகதகுமாரி முதலானவர்கள் எதிர்த்து நின்றார்கள். பள்ளி இன்னும் பள்ளியாகவே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, நாலைந்து கி.மீ.க்குள் அருங்காட்சியகத் தோட்டம். சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய சிஸோம் வடிவமைத்து 1880-ல் முடிந்த நேப்பியர் மியூசியத்தைச் சுற்றி, காலையில் பாதி நகரமே வேகநடை போடுகிறது. மரங்கள் அருமை. ஆனால் சர்க்கரை நோய்க்காக நடப்பவர்களின் கூட்டத்தில் நின்று மேலே பார்த்தால் முதுகில் இடி நிச்சயம்.

உண்மையான புதையல் தெற்கே இருக்கிறது. கோவளம் போகும் பஸ்ஸில் ஏறி, மணக்காடு, கமலேஸ்வரம், அம்பலத்தரை தாண்டி, கரமனை ஆற்றங்கரையில் பரசுராமர் கோயில் உள்ள திருவல்லத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் புஞ்சக்கரி. சாலையிலிருந்து மொத்தமே அரைமணி. கட்டடங்கள் சட்டென்று நின்றுபோய், வயலும் வாய்க்காலும் தென்னையும் சதுப்புமாக ஒரு வெளி விரிகிறது. அதற்கப்பால் வெள்ளாயணிக் காயல். கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் உப்புக் கரிக்காத நன்னீர் ஏரி. கரையோர ஊர்களின் பெயர்களைக் கேளுங்கள்: காக்காமூலை, வவ்வாமூலை. பெயர் வைத்தவர்கள் பறவை நோக்கர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு அங்கே இருந்துவிடுவது நல்லது. மூடுபனி தண்ணீர் மட்டத்தில் தவழும் நேரம். தாமரை இலைகளின் மேல் நீண்ட விரல்களை அகலப் பரப்பி இலைக்கோழி நடக்கும், இலை அமிழாது. கோரைப் புதரிலிருந்து நீலத் தாழைக்கோழி வெளியே வந்து, சிவந்த அலகும் சிவந்த நெற்றியுமாக, கிழங்கைக் காலில் பிடித்துக் கடிக்கும். இங்கத்தியர்கள் இதை நீலக்கோழி என்கிறார்கள். நாம் மடையான் என்பது அவர்களுக்குக் குளக்கொக்கு. உழும் வயலில் டிராக்டரின் பின்னாலேயே வெள்ளைக் கொக்குகள் வரிசையாகப் போகும். அக்டோபர் தொடங்கிவிட்டால் மஞ்சள் வாலாட்டிகளும் தகைவிலான்களும் வடக்கிலிருந்து வந்துவிடுகின்றன. மின்கம்பிகளில் அவை உட்கார்ந்திருப்பது, யாரோ இசைக் குறிப்பு எழுதிவைத்தது போல இருக்கும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்குப் பக்கம் பாருங்கள். ஏழரைக்கு மேல் வெளிச்சம் சுண்ணாம்பாகிவிடும். பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். பனியும் தென்னையும் தண்ணீரில் விழும் வானமும் போனுக்கே அடங்கும். பறவையை நெருங்கும் ஆசைதான் ஆபத்து. கூட்டருகே போய் நிற்பது, பறவையின் குரலை ஒலிபரப்பி அதை வெளியே வரவழைப்பது எல்லாம் இப்போது புஞ்சக்கரிக்கும் வந்துவிட்டன. அதை ரசிகத்தன்மை என்று சொல்லக் கூசுகிறது.

புஞ்சக்கரிக்கு இன்னொரு புகழும் உண்டு. 1989-ல் சிபி மலையில் இயக்கி மோகன்லால் நடித்த 'கிரீடம்' படத்தில் வரும் சிறு பாலம் இங்குதான் இருக்கிறது. (அஜித் நடித்து 2007-ல் தமிழிலும் வந்த கதைதான்.) அதன் பெயரே கிரீடம் பாலம் என்றாகிவிட்டது. கல்யாண ஜோடிகள் வெள்ளை உடையில் வந்து நிற்க, டிரோன் ஒன்று வாய்க்காலின் மேல் ரீங்கரிக்கிறது. 2024-ல் பாலத்தையும் சுற்றுப்புறத்தையும் சினிமா சுற்றுலா மையமாக மேம்படுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. ஊருக்கு வருமானம் வந்தால் நல்லதுதான். ஆனால் விளக்குக் கம்பமும் சிற்றுண்டிக் கடையும் வந்த பிறகு நீலத் தாழைக்கோழி எங்கே போகும் என்பதையும் திட்டம் போடுபவர்கள் யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை வயல். கொக்கும் நாரையும் வருவதே நெல் விளைவதால்தான். உழவன் கையைச் சுட்டுக்கொண்டு தரிசாக விட்டால் புதர் மண்டுகிறது. பிறகு வாழை, பிறகு மண் லாரி, பிறகு வீடு. நெல் வயலையும் சதுப்பையும் மேடாக்கக் கூடாது என்று கேரளத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் திருவல்லம் வழியாக நெடுஞ்சாலை பாய்கிறது, அதற்குத் தெற்கே விழிஞ்ஞம் துறைமுகம் 2025-ல் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது. நிலத்தின் விலை ஏறும்போது சட்டப் புத்தகம் மட்டும் காவல் இருக்க முடியாது. யாராவது தினமும் அந்த வழியாக நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கேரளத்தில் அப்படி நடந்தவர்கள் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காக சாலிம் அலி 1933-ல் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஆங்கிலப் பேராசிரியர் கே.கே. நீலகண்டன் 'இந்துசூடன்' என்ற பெயரில் 1958-ல் வெளியிட்ட கேரளப் பறவைகள் புத்தகம் பலரை வயல்வெளிக்கு இழுத்துவந்தது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து, 361 வகைப் பறவைகளைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. வேலை நேரத்துக்கு முன்னால் எழுந்தவர்கள்.

சாலையில் ஜவுளிக் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் ஷட்டரைத் தூக்க ஒன்பது, ஒன்பதரை ஆகிறது. காய்கறிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை, பாவம். எட்டேகாலுக்குத் திருவல்லத்தில் பஸ் ஏறினால் கடை திறக்க நேரம் இருக்கும். செருப்பில் ஒட்டிய வயல் சேற்றை மட்டும் வாசலிலேயே தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும்.