விலாங்கின் நடுத்துண்டு

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று ஒரு பழமொழி. எங்கள் பக்கத்தில் அதை நான் அதிகம் கேட்டது மருமகள்களைப் பற்றித்தான். மாமியாரிடம் ஒரு முகம், புருஷனிடம் ஒரு முகம். தனக்கென்று ஒரு வீடு இல்லாதவளுக்கு வேறு என்ன வழி என்று பழமொழி கேட்பதில்லை.

நாஞ்சில் நாட்டில் விலாங்கு மழைக்கால மீன். ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகி மறுகால் பாயும்போது ஓடைகளிலும் வயல்களிலும் அகப்படும். பிடிப்பது ஆண்கள். எவ்வளவு நீளம், எந்த மடையில் கிடைத்தது என்ற கதை திண்ணையில் நடக்கும். மீன் புறவாசலுக்கு வந்துவிடும்.

அம்மை அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் கொட்டுவாள். சாம்பல் இல்லாமல் விலாங்கு கைக்குள் நிற்காது. கல்லுப்பும் சேர்த்து உருவினால் வழுவழுப்பு கழன்று வரும். கழுத்தைச் சுற்றித் தோலைக் கீறி, துணியால் பிடித்து வால்வரை இழுப்பாள். பிறகு விரல் நீளத் துண்டுகள். "கையில கீறல் இருந்தா ரெத்தம் படாமப் பாத்துக்கோ மக்ளே" என்பாள். விலாங்கின் பச்சை ரத்தத்தில் நஞ்சு உண்டு, வேகும் சூட்டில் அது அழிந்துவிடும் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"எத்தனை விலாங்கு அறுத்திருக்கேன், ஒண்ணுலயும் சினை கண்டதில்லை" என்றும் சொல்வாள். அரிஸ்டாட்டிலும் இதையே கண்டு, விலாங்கு சேற்றிலிருந்து பிறக்கிறது என்று எழுதினார். 1777இல் இத்தாலியின் கார்லோ மொண்டினி அதன் சினைப்பையை விவரித்தார். 1876இல் இளைஞரான சிக்மண்ட் பிராய்ட் திரியெஸ்தே நகரில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினார். தீர்மானமாக எதுவும் கிடைக்கவில்லை. கடலுக்குத் திரும்பும் வழியில்தான் விலாங்கு முதிர்கிறது. ஆழ்கடலில் ஒரே முறை இனம்பெருக்கி இறந்துபோகிறது. நன்னீரில் ஏறிவந்து பெரிதாக வளர்பவை பெரும்பாலும் பெண்கள். பழையாறு மணக்குடியில் கடல் சேர்கிறது. அந்த வழியே ஏறிவந்து குளத்துச் சேற்றில் வருஷக்கணக்காகக் கொழுத்த ஒருத்தியைத்தான் அம்மை அறுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

சமையல் எளிது. வத்தல், மல்லி, நல்லமிளகு, பெருஞ்சீரகம் வறுத்து அம்மியில் அரைக்க வேண்டும். மண்சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் சின்ன உள்ளி, பூண்டு, கறிவேப்பிலை. பிறகு அரைப்பு, மஞ்சள், உப்பு, ஒரு சுளை கொடம்புளி, கொஞ்சம் தண்ணீர். துண்டுகள் வெந்து நீர் வற்றியபின் சிறுதீயில் பிரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விலாங்கு தன் கொழுப்பைத் தானே விடும். கறுத்துக் காரம் ஏறியதும் இறக்கலாம்.

நடுத்துண்டுகள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும். வால் அம்மைக்கு. பலநாள் அதுவும் மிஞ்சாது. சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பாள். மீன் வாடை மட்டும் இரண்டு நாளைக்கு அவள் கையை விட்டுப் போகாது. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாறுகிறது என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. மீனைத் தின்ற யாரையும் எந்தப் பேருந்தும் இறக்கிவிட்டதில்லை.

இப்போது என் வீட்டில் ஒரு சட்டம்: அறுத்தவளுக்கே முதல் துண்டு. எழுபத்தைந்து வயதிலும் விலாங்கு என்றால் கத்தியை அம்மைதான் எடுப்பாள். நடுத்துண்டை முதன்முதலில் அவள் தட்டில் வைத்தபோது, அதைப் பேரன் தட்டுக்குத் தள்ளிவிட்டாள். எடுத்துத் திரும்ப வைத்தேன். மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் வைத்தேன்.

தின்றாள். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நடுவுல முள்ளே கிடக்கல்லியே" என்றாள்.