பலசரக்கு நோட்டு

சனிக்கிழமை சாயங்காலம் சிவகாசியில் ஏதாவது ஒரு பலசரக்குக் கடை முன்னால் போய் நின்று பாருங்கள். இரண்டு மூன்று வரிசைக்குக் கூட்டம் நிற்கும். பெரும்பாலும் பெண்கள். பயராபீஸிலிருந்தும் தீப்பெட்டியாபீஸிலிருந்தும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்தவர்கள். தொழிற்சாலை என்ற சொல் எங்கள் ஊர்ப் பேச்சில் புழங்குவதில்லை. பட்டாசு செய்கிற இடம் பயராபீஸ், தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டியாபீஸ், காலண்டருக்குப் பிழை பார்த்து நான் சம்பளம் வாங்குகிற இடம் அச்சாபீஸ். கை கழுவிவிட்டு வந்திருந்தாலும் அந்தப் பெண்களின் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருக்கும். அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். அந்தப் பணம் முதலில் போய்ச் சேர்கிற இடம் கடைக்கார அண்ணாச்சியின் கல்லாப்பெட்டி.

எங்கள் தெருக் கடை அண்ணாச்சியிடம் நீளவாக்கில் ஒரு நோட்டு உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். வாரம் முழுக்க வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் எல்லாம் அதில் ஏறியிருக்கும். சனிக்கிழமை கூட்டிப் பார்த்து, கொடுத்ததை வரவு வைத்து, மிச்சத்தை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோவார். இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒரு பக்கமாவது முழுசாக அடைபட்டு நான் பார்த்ததில்லை. அடைபடாமல் இருந்தாலும் எல்லை தாண்டாமல் இருந்தால் போதும் என்பதுதான் இரு தரப்புக்கும் உள்ள ஒப்பந்தம்.

பக்கத்து வீட்டு அக்கா சரம் பின்னுகிறவர். சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பின்னிச் சரவெடியாக்குகிற வேலை. எத்தனை பின்னினாரோ அத்தனைக்குத்தான் கூலி. விடிந்தும் விடியாமலும் ஆபீஸ் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். வெயில் ஏறுவதற்குள் மருந்து வேலை முடிய வேண்டும் என்பதால் எங்கள் ஊர் சீக்கிரமே எழுந்துவிடும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. “ஒரு வாரம் ஆபீஸ் இல்லேன்னா வீட்ல ஒரு கிலோ பருப்பு அரைக் கிலோ ஆயிரும் தம்பி” என்பார் அக்கா.

அந்தப் பருப்பின் விலை எங்கள் தெருவில் முடிவாவதில்லை. 25 கிலோமீட்டர் தள்ளி விருதுநகரில் முடிவாகிறது. பத்திரிகையில் வாரந்தோறும் வருகிற விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை அண்ணாச்சி கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைப்பார். துவரம்பருப்பு 100 கிலோ மூட்டை, மல்லி 40 கிலோ, கடலை எண்ணெய் 15 கிலோ டின், முண்டு வத்தல் குவிண்டால் என்று எதிரெதிரே விலை இருக்கும். வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியில் இவ்வளவு சரக்கும் விளைந்துவிடாது. எங்கெங்கோ விளைந்தது லாரியில் வந்து இறங்கி, கிட்டங்கியில் அடைந்து, விலை கட்டப்பட்டு வெளியே போகிறது. விருதுபட்டி என்று இருந்த ஊருக்கு 1923-ல் விருதுநகர் என்று பெயர் மாறியது. அதற்கு முந்தைய வருஷம்தான் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மழை ஏமாற்றிய மண்ணில் ஓர் ஊர் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது, மற்றது நெருப்பைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் சிவகாசியில் வாங்குகிற கூலி விருதுநகர் சொல்கிற விலைக்குத்தான் போகிறது.

விருதுநகரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி பிடியரிசி. உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டுவைத்தார்கள். கடைக்காரர்கள் தாங்கள் விற்கிற சரக்கின் மேல் தாங்களே மகமை விதித்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்ததைக் கொண்டு நடந்தது சத்திரிய வித்தியாசாலா பள்ளிக்கூடம். காமராஜர் படித்தது அங்கேதான். அரிசிப் பானையில் கை விடுகிற நேரத்தில் ஊர்க் காரியம் அந்தப் பெண்களின் நினைவில் இருந்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, அடுப்படி வேறு அரசியல் வேறு என்று யாராவது பேசினால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

காமராஜரின் கதையும் அதைத்தான் சொல்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் உட்காரவைத்தார்கள். கடையை விட்டுவிட்டுப் பொதுக்கூட்டம், ஊர்வலம் என்று கிளம்பினார். வீட்டார் பயந்துபோய் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அப்போது வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, அதில் போய்ச் சேர்ந்தார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனார். பலசரக்குக் கடையில் ஆகக் குறைந்த விலைக்கு விற்கிற சாமான் உப்பு. அதற்காகத்தான் அந்த வருஷம் தேசமே நடந்தது.

எனக்கு ஊர்வலப் பழக்கம் கிடையாது. 2018 டிசம்பருக்கு முன்னால் ஒரு ஊர்வலத்திலும் நடந்ததில்லை.

அந்த வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டும்தான் செய்யலாம், தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று டெலிவிஷனில் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்ற இரண்டும்தான் இடிபோல வந்து விழுந்தன. பேரியம் நைட்ரேட்டை ஆபீஸ்களில் பச்சை உப்பு என்பார்கள். பொறி பறக்கிற, நிறம் காட்டுகிற உருப்படிகள் பலவற்றுக்கு அது வேண்டும். சரவெடியோ அக்காவின் இரண்டு கைகள். “நான் பின்னுறதையேவா தம்பி கூடாதுங்கறாங்க?” என்று வாசலில் நின்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வழக்குப் போட்டவர்கள் மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. மூச்சுத் திணறுகிற ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்களின் பயம் நியாயமானது. ஆனால் ஒரு தொழிலை ஒரே நாளில் மாற்றச் சொன்னால், மாறுகிற காலம் வரைக்கும் அந்தத் தொழிலில் இருக்கிற வீடுகளுக்கு யார் சோறு போடுவது? அந்தக் கேள்விக்குத் தீர்ப்புக்கு முன்பே பதில் தேடியிருக்க வேண்டும்.

நவம்பர் 6 தீபாவளி. வழக்கமாகக் கொஞ்ச நாள் லீவுக்குப் பிறகு பூஜை போட்டு ஆபீஸ் திறப்பார்கள். அந்த வருஷம் திறக்கவில்லை. வேலையை நிறுத்தி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன. தெருமுனைக்கு வண்டி வரவில்லை. முதல் இரண்டு வாரம் போனஸ் பணத்தில் ஓடியது. மூன்றாம் வாரத்திலிருந்து அண்ணாச்சி நோட்டு பேச ஆரம்பித்தது. பிஸ்கட் நின்றது. நல்லெண்ணெய் நின்று பாமாயில் வந்தது. துவரம்பருப்பு இருந்த இடத்தில் பட்டாணிப் பருப்பு ஏறியது. மகளிர் குழு லோன் தவணைக்கு மட்டும் லீவு கிடையாது. வாரந்தோறும் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சில பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். வாலிபப் பையன்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள்.

ஒருநாள் இரவு கடை சாத்துகிற நேரத்தில் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: “எனக்கும் விருதுநகர்ல ஒரு நோட்டு இருக்குல்லா, அங்கயும் ஒரு அண்ணாச்சி கூட்டிப் பாத்துக்கிட்டு இருக்காரு.” அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. அக்காவின் பக்கம் நிரம்பினால் இவருடைய பக்கம் நிரம்பும். இவருடைய பக்கம் நிரம்பினால் விருதுநகரில் லோடு குறையும். எங்கோ ஒரு மூட்டை இறங்காமல் நிற்கும்.

டிசம்பரில் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடத் தொழிலாளர்கள் திரண்டபோது அக்கா வந்து கூப்பிட்டார். அச்சாபீஸில் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திருத்தங்கல், ஆமத்தூர் வழியெல்லாம் வேன்களும் மினி லாரிகளும் நிறைந்து போயின. வேனில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஆபீஸுக்குப் போகிற அதே பையோடு வந்திருந்தார்கள், அதே தூக்குவாளி, அதே புளிச்சோறு. இறங்கியதும் பார்த்தேன், கண்ணுக்கு எட்டிய தூரம் தலை. கோஷம் போடத் தெரியாதவர்கள்தான் அதிகம். முன்னால் ஒருவர் மைக்கில் சொல்ல, பின்னால் பாதிப் பேர் திருப்பிச் சொன்னார்கள், பாதிப் பேர் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். ஆபீஸைத் திறக்க வேண்டும், சுற்றுச்சூழல் விதிகளிலிருந்து பட்டாசுக்கு விலக்கு வேண்டும் என்பது கோரிக்கை. எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு கூச்சம் போய்விட்டது. சனிக்கிழமை கடை வாசலில் பார்க்கிற அதே முகங்கள் அல்லவா என்று தோன்றியது. அதே பொறுமையோடு, அதே நெருக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் வயதான ஒரு தோழர் சங்கரலிங்கனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956 ஜூலை 27-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கி, இதே ஊர் தேசபந்து மைதானத்தில் கிடந்து, அக்டோபர் 13-ஆம் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் விட்டவர். அந்தப் பெயர் நடைமுறைக்கு வர 1969 ஜனவரி ஆகிவிட்டது. “கேட்டவரு பாக்கலைய்யா” என்றார் தோழர். அக்கா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தார். திரும்புகிற வழியில் மார்க்கெட் பக்கம் வேன் மெதுவாகப் போனபோது, “இங்கன வத்தல் என்ன விலைன்னு இறங்கிக் கேட்டுட்டு வருவோமா தம்பி” என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து நடந்ததும், கத்தியதும், வெயிலில் நின்றதும் எதற்காக என்பது அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

2019 மார்ச்சில் ஆபீஸ்கள் திறந்தன. நாக்பூர் நீரி நிறுவனம் சொன்ன கலவையில் பசுமைப் பட்டாசு செய்யக் கற்றுக்கொண்டார்கள். அக்கா சரத்தை விட்டு டப்பா அடைக்கிற வேலைக்கு மாறினார், கூலி குறைவு. அந்த நான்கு மாதக் கடன் நோட்டிலிருந்து இறங்க அடுத்த தீபாவளி போனஸ் வரை ஆனது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் என் மனசை இன்றுவரை அறுப்பது வேறொன்று. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பயராபீஸ் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மறுநாள் சனிக்கிழமை. கடை வாசலில் அதே கூட்டம் நின்றது, சத்தம்தான் இல்லை. அண்ணாச்சி தணிந்த குரலில் கணக்குச் சொன்னார், பெண்கள் தணிந்த குரலில் வரவு வைக்கச் சொன்னார்கள். அச்சங்குளத்தில் செத்தவர்கள், இப்படிச் சம்பளம் வாங்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் போனவர்கள். திங்கட்கிழமை தெருமுனைக்கு வண்டி வந்தது, எல்லோரும் ஏறினார்கள். சில நாள் கழித்து நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்துக்குப் போனேன். விரல்விட்டு எண்ணுகிற ஆட்களே நின்றோம்.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் இப்படித்தான் வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் பலர் காப்பாற்ற ஓடிப்போனவர்கள். 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர்கள் மாறுகின்றன, விசாரணையில் வெளிவருவது பெரும்பாலும் மாறுவதில்லை. அனுமதித்ததற்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, லைசென்ஸ்காரர் ஒருவர் உள்குத்தகைக்காரர் வேறொருவர். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் மரத்தடியில், தாழ்வாரத்தில் உட்காரவைக்கிறார்கள். பீஸ் கூலிக்காக எங்கள் ஆட்களும் உட்காருகிறார்கள்.

ஆபீஸ் பூட்டினால் எல்லா வீட்டு நோட்டும் ஒரே சமயத்தில் நிரம்புகிறது, அதனால் எல்லோரும் கிளம்பினோம். விபத்தில் பத்து இருபது பக்கங்கள் மட்டும் நின்றுபோகின்றன. மற்ற பக்கங்களில் அடுத்த வாரக் கணக்கு ஏறிவிடுகிறது. இதற்காக என் தெருப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஒருநாள் கூலி போனால் என்ன ஆகும் என்று அந்த நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். ஆனாலும் 2018-ல் அவ்வளவு பேர் திரள முடிந்த ஊரில், நாலு பேர் விதிக்காக ஒருநாள் திரள முடியாதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிடியரிசியில் பள்ளிக்கூடம் நடத்திய மண்ணில் இது ஆகாத காரியமில்லை.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் பக்கத்து விபத்துச் செய்தி உங்கள் பத்திரிகையில் வரும்போது, எத்தனை பேர் செத்தார்கள் என்று படித்ததோடு நிறுத்தாதீர்கள். அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். நாலுக்கு மேல் என்றால் உங்கள் ஊரிலிருந்து ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதமாவது போடுங்கள்.