முப்பது அங்குலம்

தாத்தா செத்த அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நடுவில் தாத்தா, புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். பின்னால் ஒரு ஜெட் விமானம் நெருப்புக் கக்கிக்கொண்டு ஏறுகிறது. காலடியில் இரண்டு டாங்கிகள். மேலே பெரிய எழுத்தில் ‘இரண்டாம் உலகப்போர் மாவீரர்’. கீழே பேரன் பேத்திகள் பெயர் வரிசையில் என் பெயரும் எழுத்துப் பிழையோடு இருந்தது.

தாத்தாவுக்குத் தெரிந்த விமானம், பர்மாக் காட்டில் மேலிருந்து அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் போட்டுவிட்டுப் போகிற விமானம்தான். டாங்கியை அவர் பார்த்ததெல்லாம், தான் பூட்டிய பாலத்தின் மேல் அது ஏறும்போது எங்கே ஆணி கழன்றுவிடுமோ என்ற பயத்தோடு பார்த்தது. ஃப்ளெக்ஸ் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. கயிறு, சம்மட்டி, இரும்புச் சட்டம் என்று பின்னணியில் போட்டிருந்தால் யாரோ கட்டட மேஸ்திரி செத்துவிட்டார் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். அப்படி நினைத்திருந்தாலும் தப்பில்லை. 99 வருஷத்தில் ஐந்து வருஷம் பட்டாளம், முப்பது வருஷத்துக்கு மேல் மேஸ்திரி வேலை.

இன்னொன்று, அந்தப் படத்தில் அவர் சல்யூட் அடிக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். வட ஆற்காட்டில் பட்டாளத்துக்குப் போவது அதிசயம் கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. அதன் அடியில் இப்போது கடைகளும் கூட்டமும். நிமிர்ந்து படிப்பவர் யாரும் இல்லை. தாத்தா 1941-ல், பதினெட்டு வயதில், பெங்களூர் அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். நாட்டுக்காகவா, ராஜாவுக்காகவா என்று நான் பள்ளிக்கூடப் பாடம் படித்த வேகத்தில் ஒருமுறை கேட்டேன். “பூட்ஸ் குடுத்தான்டா” என்றார்.

சாப்பர் என்றால் சுடுகிறவன் இல்லை, கட்டுகிறவன். பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, பாலம் கட்டுவது. அந்தப் படையில் எல்லோரையும் தம்பி என்றே கூப்பிடுவார்கள். வெள்ளைக்கார அதிகாரியும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். கண்ணிவெடியைப் பற்றி மட்டும் தாத்தா பேச மாட்டார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கப்போகிற கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தப் பேச்சு வந்தாலே தாத்தா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்.

பாலம் என்றால் ராத்திரி முழுக்கப் பேசுவார். பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி என்ற இங்கிலீஷ்காரர் யோசித்தது. பத்தடி நீளம், ஐந்தடி உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம்; அதற்குப் பேனல் என்று பெயர். ஒன்று சுமார் 260 கிலோ. கிரேன் வேண்டாம், ஆறு பேர் போதும். குறுக்கே கம்பு கொடுத்து ஜோடி ஜோடியாகத் தூக்க வேண்டும். ஒரு பேனலின் காதில் இன்னொரு பேனலின் காதை விட்டு ஆணி அடிக்க வேண்டும். “உயரம் பாத்து ஜோடி சேக்கணும். குட்டையனும் நெட்டையனும் ஒரே கம்புல நின்னா பாரம் குட்டையன் தோள்ல குந்திக்கும்.” வீட்டில் பீரோ நகர்த்தினாலும், கல்யாணத்துக்கு அண்டா இறக்கினாலும், அவர் முதலில் எங்களை வரிசையாக நிறுத்தி உயரம் பார்ப்பார். எங்கள் பெரியப்பா குட்டை. அதில் அவருக்கு ஆயுசுக்கும் வருத்தம் உண்டு.

அந்த ஆணி ஒன்று வீட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று கிலோ. ஒரு சாண் நீளம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளைத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத தடிமன். ஒரு முனை கூம்பி, மறுமுனையின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். உள்ளே போய்விட்ட ஆணி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்க அந்தக் கோடு. சர்க்கார் சொத்தை எப்படிக் கொண்டு வந்தார் என்று கேட்டால், “அது தானா வந்து பைக்குள்ள விழுந்துச்சி” என்பார். ஆயா அதை சுக்கு இடிக்க வைத்துக்கொண்டாள். உலகப்போரில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது என்று பார்த்தால் அந்த ஆணிதான். மெடல்கள் இரண்டை என் சித்தப்பா சின்ன வயதில் ஐஸ்காரனிடம் போட்டுவிட்டார்.

1944 டிசம்பரில் பர்மாவில் கலேவா என்ற இடத்தில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடிக்கு மிதவைகள் மேல் பெய்லி பாலம் போட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம். இம்பாலில் முற்றுகை உடைந்து ஜப்பான்காரன் பின்வாங்க, ஸ்லிம் தளபதியின் 14-வது படை அந்த வழியாக மத்திய பர்மாவுக்குள் இறங்கியது. மலேரியாவுக்கு மெப்பாகிரின் மாத்திரை தின்று தின்று ஆளெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிட்டார்களாம். “அத்தினி பேரும் மாப்பிள்ளை மாதிரி மஞ்சளா நின்னு பாலம் பூட்டனோம்” என்று சிரிப்பார்.

நிஜமாகவே புது மாப்பிள்ளைதான் அவர். 1943-ல் லீவில் வந்து ஆயாவைக் கட்டிக்கொண்டு, இருபதாம் நாள் ரயில் ஏறினவர். அதற்கப்புறம் கடுதாசிதான். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மாமியாரும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் பட்டாளத்து அதிகாரி படித்து, வேண்டாததை மையால் அடித்துத்தான் அனுப்புவார். இத்தனை பேர் காதைத் தாண்டிப் பெண்டாட்டிக்கு என்ன எழுத முடியும்? தாத்தா ஒவ்வொரு கடுதாசியிலும் கடைசியில் ஒரு வரி எழுதினார். வெள்ளைப் பசு எப்படி இருக்கிறது, வேளைக்குத் தீனி எடுக்கிறதா, ராத்திரியில் பனியில் நிற்கவிடாதே.

எங்கள் வீட்டில் அப்போது மாடே கிடையாது.

வாத்தியார் முதல் தடவை படித்துவிட்டுக் குழம்பிப்போய் ஆயாவைப் பார்த்திருக்கிறார். ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாளாம். இதை எழுபது வயதுக்கு மேல் அவளே சொன்னாள், தாத்தா எதிரில் இருக்கும்போதே. அவர் காது கேட்காதவர் மாதிரி மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடும்பஸ்தர் என்று இப்போது எல்லோரும் புகழ்ந்து சொல்கிறார்கள். என் அப்பாவைக் கேட்டால் வேறு கதை வரும். காலை ஐந்துக்கு எழாவிட்டால் பாயோடு சேர்த்து உருட்டி வாசலில் விடுவார். போர்வையை மடிக்கும் ஓரம் சரியில்லை என்று உதறிவிட்டு மறுபடி மடிக்கச் சொல்வார். சினிமாவுக்குப் போய்ப் பத்து நிமிஷம் தாமதமாக வந்த ஒரு ராத்திரி, அப்பாவுக்குக் கதவு திறக்கவில்லை. மார்கழி மாதம், திண்ணையில் படுத்தார். விடிந்து பார்த்தால் மேலே தாத்தாவின் பட்டாளத்துக் கம்பளி கிடந்ததாம். “போத்தனவரு கதவத் திறந்திருக்கலாம் இல்ல?” என்று அப்பா இன்றைக்கும் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் தின்ற தட்டைத் தானே கழுவிய ஆம்பளை எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி சுடுவார். ஆயா பிரசவத்துக்குப் படுத்த ஐந்து முறையும் சமையல் அவருடையது. தெருப் பெண்கள் சிரித்தார்கள், ஆயாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அவர் பாட்டுக்குப் பருப்பைத் தாளித்தார்.

எங்கள் எதிர்வீட்டுக்காரரை மலாயாத் தாத்தா என்போம். ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து பேசியபோது அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐஎன்ஏயில் சேர்ந்தவர். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றின் நியாங்கூ கரையைக் காத்து நின்ற ஐஎன்ஏ படையில் அவர் இருந்தார். எதிர்க் கரையிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த படையில் தாத்தா இருந்தார். ஒரே தெருவில் கோலி விளையாடிய இரண்டு பேர், ஆளுக்கொரு கரையில். ஊருக்குத் திரும்பி ஆடுபுலி ஆட்டம் ஆடும்போதுதான் நாள், கிழமை, இடம் எல்லாம் ஒத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்களாம். என்ன நினைத்துப் பேசாமல் இருந்தார்கள், பிறகு யார் முதலில் பேசினார்கள் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

1972-ல் தியாகிகள் பென்ஷன் வந்தது, ஐஎன்ஏக்காரர்களுக்கும் உண்டு. மலாயாத் தாத்தாவுக்குக் கிடைத்தது. பட்டாளத்துப் பென்ஷனுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும். சண்டை முடிந்ததும் 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தாத்தாவுக்கு அது இல்லை. இந்தியாவிலிருந்து அந்தப் போருக்குப் போன 25 லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் கதை இதுதான். பென்ஷன் வந்த அன்று மலாயாத் தாத்தா இவரைக் கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவார். “வாய்யா, தோத்தவன் காசுல ஜெயிச்சவனுக்கு டீ.” மாசாமாசம் அதே வசனம். தாத்தா ஒரு தடவைகூட வேண்டாம் என்றதில்லை. கூடவே ஒரு மசால் வடையும் கேட்பார்.

உலகப்போருக்குப் போய்வந்தும் பென்ஷன் இல்லாதவர்களுக்கு மாநில அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது என்று பின்னால் தெரியவந்தது. ஒரு அலுவலகத்துக்கு நானும் அவரும் ஆறு நடை நடந்தோம். போருக்குப் போனதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் காணவில்லை. நாலாவது நடையில் தாத்தா மஞ்சள் பையிலிருந்து ஆணியை எடுத்து மேஜை மேல் வைத்தார். கண்ணாடி கீறிவிட்டது. “இன்னா பெரியவரே இது?” “கலேவா பாலத்துல ஒரு ஆணி கொறையும். போய்ப் பாத்துக்க.” புத்தகம் கடைசியில் நெல் குதிருக்கு அடியில், முக்கால்வாசி செல்லரித்துக் கிடைத்தது. நம்பரும் முத்திரையும் தப்பித்திருந்ததால் உதவித்தொகையும் கிடைத்தது. முதல் மாதப் பணத்தில் டீ வாங்கித் தர மலாயாத் தாத்தா உயிரோடு இல்லை. இவர் தனியாகப் போய் இரண்டு டீ சொல்லி இரண்டையும் குடித்துவிட்டு வந்தார்.

ஃப்ளெக்ஸ் படத்துக்கு வருகிறேன். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் போனது. எங்கள் தலைமுறைக்குப் பாலாறு என்றால் மணல், மணல் லாரி, தோல் ஷாப்புத் தண்ணி, இவ்வளவுதான். தண்ணியைப் பார்க்க ஜனம் திருவிழாவுக்குப் போவதுபோல் போனது. தாத்தாவுக்கு 98 வயது. பார்த்தே ஆகவேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தார். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் என் தம்பி அணைத்துப் பிடித்துக்கொள்ள, கரைக்குக் கொண்டுபோனேன்.

செம்மண் நிறத்தில் ஆறு. மரம் போனது, ஒரு பிளாஸ்டிக் தொட்டி போனது. ஜனங்கள் தண்ணிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். வலது கையைப் படுக்கை வாட்டில் புருவத்தின் மேல் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் “பெரியவர் ஆத்துக்கு சல்யூட் அடிக்கிறாருப்பா” என்று போனை நீட்டினார்கள். அன்று ராத்திரியே அந்தப் படம் வாட்ஸ்ஆப்பில் மாவட்டம் முழுக்கச் சுற்றியது.

அவர் செய்தது வேறு. கை விளிம்பும் எதிர்க்கரையின் தண்ணி ஓரமும் ஒரே கோட்டில் வரும்வரை தலையைச் சாய்த்தார். பிறகு கையும் தாடையும் அசையாமல், காலை மட்டும் மெதுவாக மாற்றி மாற்றி வைத்து உடம்பைத் திருப்பினார். இப்போது அதே கோடு எங்கள் கரையிலேயே தூரத்தில் ஒரு கரண்டுக் கம்பத்தின் அடியில் போய் விழுந்தது. “அதுவரைக்கும் நட. ஓடாத. ஒரு எட்டுக்கு முப்பது அங்குலம்.” அல்சூர் பரேடு மைதானத்தில் காலில் ஏற்றி அனுப்பிய அளவு. முழங்கால் போகிறவரைக்கும் தெருவில் அவர் நடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எண்ணிக்கொண்டே போய்த் திரும்பி வந்து சொன்னேன். 620 எட்டு. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி வரைபடத்தில் ஆற்றின் அகலத்தை அளந்தும் பார்த்தேன். எவ்வளவு வித்தியாசம் என்று இங்கே எழுதப்போவதில்லை. புரை எடுத்த கண்.

தாத்தா உதடு அசையக் கணக்குப் போட்டார். “ஆயிரத்தி ஐநூத்தம்பது அடி. கலேவாவவிட நானூறு அடி ஜாஸ்தி. ஒரு பக்கத்துக்கு நூத்தம்பத்தஞ்சு பேனல். ரெண்டு பக்கத்துக்கு முந்நூத்திப் பத்து.” கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எத்தினி பேர்டா வந்துகிறீங்க?”

“நானும் தம்பியும்தான் தாத்தா.”

எங்கள் இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தம்பி என்னைவிட அரை அடி உயரம்.

“பத்தாது. வண்டிய எடு” என்றார்.