சாகாத வாத்து

லயத்துக்குப் பின்னால் நாலு கோழியும் இரண்டு வாத்தும் வளர்க்கும் வாசக நேயர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்து கூண்டைத் திறக்கிறீர்கள். கோழிகள் கொண்டை கறுத்துச் செத்துக் கிடக்கின்றன. வாத்துகளோ ஒன்றுமே நடவாதது போல் வாய்க்காலைப் பார்த்து ஆடி அசைந்து போகின்றன. நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது எது?

வாத்தின் மேல் நமக்குச் சந்தேகம் வராது. அண்டை நாடான தாய்லாந்திலும் முதலில் யாருக்கும் வரவில்லை.

பாங்காக்குக்கு வடமேற்கே சுபான்புரி என்றொரு மாநிலம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். வாய்க்கால் பாசனம் உண்டு என்பதால் வருஷத்தில் இரண்டு மூன்று போகம் விளையும். ஒரு பக்கம் நடவு, இன்னொரு பக்கம் அறுப்பு. அறுத்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் பூச்சியும் வாத்துக்கு விருந்து. வாத்துக்காரர் குஞ்சுகளைச் சில வாரம் வீட்டில் வைத்துத் தேற்றி, பிறகு ஆயிரக்கணக்கில் வயலில் இறக்கிவிடுவார். அந்த வயல் தீர்ந்தால் அடுத்த வயல். வட்டாரமே தீர்ந்தால் லோரியில் ஏற்றி அடுத்த மாநிலம். தீனிக்குச் செலவில்லை. வயல்காரருக்கும் நத்தைத் தொல்லை ஒழிந்தது. பார்க்கப்போனால், ஏழைக்கு இதைவிட நல்ல பிழைப்பு ஏது?

2004 ஜனவரியில் அங்கே எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வெளிப்பட்டது. கோழிகள் பண்ணை பண்ணையாகச் சாய்ந்தன. செத்ததும் அழிக்கப்பட்டதுமாக 6 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் போயின. அடங்கியது என்று மூச்சுவிடும் நேரத்தில், ஜூலையில் மறுபடி கிளம்பியது. கோழியைத்தான் கூண்டோடு அழித்தோமே, நோய் எங்கே ஒளிந்திருந்தது?

அக்டோபரில் சுகாதாரத் தொண்டர்களையும் கால்நடை அதிகாரிகளையும் வீடுவீடாக அனுப்பித் தேடினார்கள். வாத்தின் பின்புறத்தில் பஞ்சுக் குச்சியை விட்டெடுத்துச் சோதித்தார்கள். அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. நோய்க்கிருமி உடம்பில் புகுந்த பிறகும் பல வாத்துகள் தின்று, நீந்தி, முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. எச்சத்தில் மட்டும் நாள் கணக்கில் கிருமி வெளியேறியது. எச்சம் வயல்நீரில் கலந்தது. அந்த நீரில் இறங்கிய அடுத்த மந்தைக்கும், கரையில் மேய்ந்த கிராமத்துக் கோழிக்கும் நோய் தொற்றியது. நோய் கண்ட ஊர்களை ஆய்வாளர்கள் வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, மேய்ச்சல் வாத்து மிகுந்து பல போகம் விளையும் பகுதிகளோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போயின. வானத்தில் போகிற காட்டுப் பறவையைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அது லோரி ஏறிப் போகவில்லையே!

பறவையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 2004 முதல் 2006 வரை தாய்லாந்தில் 25 பேருக்கு இந்நோய் கண்டு 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தாயும் மகளும் உண்டு. வீட்டுக் கோழிகள் செத்தன. பிறகு மகள் படுத்தாள். வெளியூரில் வேலை செய்த தாய் ஓடிவந்து, ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். மகளும் போனாள், தாயும் போனாள்.

அரசாங்கம் மேய்ச்சலுக்குக் கடிவாளம் போட்டது. மந்தையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதே, கொட்டகையில் அடைத்து வளர் என்றது. சொல்வது எளிது. வயலில் சும்மா கிடைத்த தீனியை இனி மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெரிய பண்ணைக்கு அது கணக்கில் ஒரு வரி. வாத்துக்காரனுக்கு அடுப்பில் உலை. அந்தத் தடை சரியானதே என்பது என் அபிப்பிராயம். ஆனால் தடை போடுகிற கையே தீனிக்கும் கொட்டகைக்கும் உதவ வேண்டும். இல்லாவிட்டால் இரவோடு இரவாக லோரி ஓடத்தான் செய்யும்.

நமக்கும் இது தூரத்துக் கதையல்ல. 2004 ஆகஸ்டில் கிளந்தானில், தும்பாட் பக்கத்துக் கம்பத்தில் நோய் தலைகாட்டியது. எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக வந்த சண்டைச் சேவல்கள்தாம் காரணம் என்றார்கள். 2006-இல் சிலாங்கூர், பேராக், பினாங்கு. 2007-இல் சுங்கை பூலோ. 2017-இல் மறுபடி கிளந்தான். மனிதர் எவருக்கும் தொற்றாமல் ஒவ்வொரு முறையும் அடக்கிவிட்டார்கள்.

ஆகவே, கோழியையும் வாத்தையும் ஒரே கூண்டில் அடைக்காதீர்கள். வாத்து குளித்த தண்ணீரைக் கோழிக்கு வைக்காதீர்கள். எச்சத்தை அள்ளிய கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமி சவுக்காரத்துக்குத் தாங்காது. முட்டையையும் இறைச்சியையும் நன்றாக வேகவையுங்கள். கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கினால், மிச்சத்தையாவது விற்றுக் காசாக்கலாம் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். செத்ததை ஆற்றில் வீசாதீர்கள். பிள்ளைகளை அண்டவிடாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் வந்தால் வாத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். "அது நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று வீட்டுப் பாட்டி சத்தம் போட்டாலும் பிடித்துக் கொடுங்கள்.