நெம்புகோல் பாடமும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். குடோனிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவனிடமும் காட்டுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் மகளின் காதுகுத்துப் பத்திரிகை வைக்க வந்தான். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "என்னடா ஆச்சு தம்பி?" என்றேன்.

"லாரி காத்துக்கிட்டு இருந்துச்சு டீச்சர். அவசரத்துல லோடை மேல தூக்குனபடியே வண்டியைத் திருப்பிட்டேன். சாய ஆரம்பிச்சிருச்சு. பயத்துல குதிச்சேன். வண்டியும் அதே பக்கம் விழுந்து மேல்கூண்டு கால்ல விழுந்துருச்சு."

"பெல்ட் இல்லையா?"

"இருந்துச்சு டீச்சர். ஏறி இறங்கத் தொல்லையா இருக்குன்னு சீட்டுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருந்தேன்."

காபியைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். "நீங்க ஏழாம் வகுப்புல நடத்துன நெம்புகோல்தான் டீச்சர் அந்த வண்டி. எனக்குத்தான் விழுந்த பிறகு புரிஞ்சுது."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கத்தரிக்கோல், பாக்குவெட்டி, ஏற்றப்பலகை என்று எடுத்துக்காட்டு சொல்லி நடத்தினேன். கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குகிறவன் அவன்தான். முழு மதிப்பெண் போட்டேன். ஆனால் அந்தப் பாடம் ஒருநாள் அவன் உயிரைக் காக்க வேண்டியது என்று எனக்கே தெரியாது. அதனால் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். விட்டுப்போன பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்லிஃப்ட்டின் முன் சக்கரங்கள்தான் ஏற்றப்பலகையின் நடுக்கட்டை. ஒரு பக்கம் லோடு, மறுபக்கம் வண்டியின் பின்னால் இருக்கும் கனத்த இரும்பு. லோடு கனம் கூடினாலும் சரி, முன்பக்கம் தள்ளி இருந்தாலும் சரி, பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். வண்டியில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். 2,500 கிலோ, 500 மில்லிமீட்டர் என்று அதில் இருந்தால், லோடின் மையம் அந்தத் தூரத்துக்குள் இருந்தால்தான் அந்த எடை என்று பொருள். நீளமான பெட்டி என்றால் அதைவிடக் குறைவாகத்தான் தூக்கலாம்.

லோடு உயர உயர வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போகும். அப்போது திருப்பினால் பக்கவாட்டில் சாயும். ஆகவே ஓட்டும்போது கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். சரிவில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். லோடு கண்ணை மறைத்தாலும், சமதரையில் ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். பின் சக்கரம்தான் திரும்பும் என்பதால் வண்டியின் வால் வெளியே வீசும்; பக்கத்தில் நிற்கிறவர்கள் ஜாக்கிரதை. தூக்கிய கரத்துக்கு அடியில் யாரும் போகக் கூடாது. சரக்கு எண்ண வேண்டும் என்று வெறும் கரத்தின் மேல் ஆளை ஏற்றித் தூக்குவது கூடவே கூடாது.

இனி மிக முக்கியமானது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் குதிக்காதீர்கள். மனசு குதி என்றுதான் சொல்லும். ஆனால் குதிக்கிறவன் பெரும்பாலும் வண்டி விழும் பக்கமே விழுகிறான். அந்தக் கூண்டே அவனை நசுக்கிவிடும். பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். கூண்டுக்குள் இருந்தால் அது உங்களைக் காக்கும்.

என் மாணவர்களில் சிலர் இன்று சூப்பர்வைசர், மேனேஜர் என்று இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் உறுதிமொழி எடுத்துப் படம் போடுகிறீர்கள், சந்தோஷம். மறுநாள் லாரி நிற்கிறது என்று அந்தப் பையனை விரட்டாதீர்கள். பயிற்சி இல்லாதவன் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டியை நிறுத்தும்போது கரத்தைத் தரையில் இறக்கி, கைபிரேக் போட்டு, சாவியை எடுக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

அவன் மறுபடி வேலைக்குப் போகிறான். புதிதாக வரும் பையன்களிடம் முதலில் தன் காலைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் பெல்ட்டைக் காட்டுவானாம். "நான் நடத்தினதைவிட நீ நல்லா நடத்துறேடா" என்றேன். சிரித்தான்.

காதுகுத்துக்குப் போய்வந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்துவந்து என் மடியில் உட்கார வைத்தான்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்