ஒரு லட்ச ரூபாய் மோட்டார்

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. சொந்தமாக வண்டி இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆனாலும் 2008 ஜனவரியில் டில்லி பிரகதி மைதானத்து மோட்டார்க் கண்காட்சியைப் பார்த்தவன் என்கிற ஹோதாவில் இதை எழுதத் துணிகிறேன்.

கூட வந்தவர் வளையமாதேவிச் சித்தப்பா. மகனைப் பார்க்க டில்லிக்கு வந்திருந்தார். "ஒரு லட்ச ரூபாய்க்குக் கார் காட்டுகிறார்களாம், வாருங்கள்" என்று நான்தான் இழுத்துப் போனேன்.

இந்த மாதிரிக் கண்காட்சிகளுக்கெல்லாம் பாட்டி, பாரிஸில் 1898-ல் நடந்தது. அதில் இடம் வேண்டுமானால் வண்டி முதலில் பாரிஸிலிருந்து வெர்ஸேல்ஸுக்குத் தானே ஓடிப் போய்த் திரும்ப வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். நல்ல விதி! இப்போது மேடையில் சுழலும் 'வருங்கால' வண்டிகளில் எத்தனை, வாசல்வரை ஓடுமோ! டில்லிக் கண்காட்சி பிறந்தது 1986-ல். 2014-ல் கார்களைக் கிரேட்டர் நொய்டாவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஜனவரி 10-ந் தேதி ரத்தன் டாட்டா நானோவைத் தாமே ஓட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஒரே ஸ்கூட்டரில் கணவன், மனைவி, குழந்தைகள் என்று குடும்பமே தொற்றிக்கொண்டு போனதைக் கண்டு அவருக்கு உதித்த யோசனையாம். நாங்கள் போன தினம் அந்த வண்டியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். என் செருப்பில் ஒன்று அங்கேயே போயிற்று.

சித்தப்பா முண்டியடித்து அருகில் போய்விட்டார். எஞ்சின் பின்னால் இருக்கிறது என்றதும் அவர் முகம் சுருங்கிற்று.

"அப்ப நெல்லு மூட்டையை எங்கேப்பா வைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்விக்கு வரவில்லை.

"இதைச் செய்யற பாக்டரி எந்த ஊரு?"

மேற்கு வங்காளத்தில் சிங்கூர் என்றேன்.

"அங்கே முன்னே என்ன பயிர் வெச்சிருந்தாங்க?"

பத்திரிகைகளைக் கரைத்துக் குடிப்பதாகப் பெயரெடுத்த எனக்கு அது தெரியவில்லை. நெல்லும் உருளைக்கிழங்கும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். குடியானவர்களின் எதிர்ப்பினால் அதே வருஷம் அக்டோபரில் தொழிற்சாலை குஜராத்தில் ஸானந்துக்குப் போயிற்று. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னபோது மண்ணில் கான்கிரீட் கலந்து கிடந்தது. நானோவும் 2018-க்குமேல் வரவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட மண்வாரி யந்திரங்கள் நெற்பயிருக்குள் இறங்கின. காகிதத்தில் அந்த நிலங்கள் பல வருஷங்களுக்கு முன்பே கைமாறிவிட்டன. விதைத்தவர்கள் மட்டும் விதைத்துக்கொண்டே இருந்தார்கள். சித்தப்பாவின் வயலும் அதில் சேர்த்தி. டெலிபோனில் அவர் அதிகம் பேசவில்லை. "கதிர் வர்ற நேரம்ப்பா. இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம்" என்றார். பயிருக்கு நஷ்டஈடு என்று பிறகு ஏதோ வந்தது.

அந்த விஷயமாக மனு எழுதிக் கொடுக்க நான் ஊருக்குப் போனேன். பட்டா, சிட்டா, கிஸ்தி ரசீதுகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. எடுத்து அடுக்கியபோது இடையில் நாலாக மடித்த வழவழப்பான தாள் ஒன்று விழுந்தது. டில்லியில் வாங்கிய நானோ விளம்பரம்.

"இது எதற்குச் சித்தப்பா?"

"கிடக்கட்டும், உள்ளே வை" என்றார்.