பழவேற்காடும் என் பாடும்

"சொந்த ஊர் எது?"ன்னு யாராவது கேட்டா உடனே பதில் சொல்ல மாட்டேன். ஊர் மறந்து போச்சுன்னு இல்லீங்க, எப்படிச் சொன்னா கேக்கறவங்களுக்குப் புரியும்னு ஒரு யோசனைதான். டீம்ல புதுசா சேர்ந்த பையன்கிட்ட "பழவேற்காடு"ன்னேன். முழிச்சான். "புலிகாட்"ன்னேன். "ஓ, ஃப்ளமிங்கோ!"ன்னு பல்பு எரிஞ்சது. எங்க டேமேஜருக்கு அது ஸ்ரீஹரிகோட்டா பக்கத்து ஊர். ராயபுரம் ஆட்டோக்கார அண்ணனுக்கு எறா வர்ற ஊர். ஆக, பறவை, ராக்கெட், எறா. அங்க மனுஷங்களும் இருக்கோம்ங்கறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு :-)

முதல்ல வழி. சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சு பொன்னேரியில இறங்கணும். அங்கிருந்து பஸ். ரெண்டு பக்கமும் வயல் வரும், அப்புறம் பனைமரம், அப்புறம் காத்துல உப்பு வாசனை. சென்னையில இருந்து மொத்தமே 60 கிலோமீட்டருக்குள்ளதான். ஆனா ஓஎம்ஆர்ல பொட்டி தட்டிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள வேற மாநிலத்துக்கே போயிடலாம்.

வேற மாநிலம்னு சும்மா சொல்லல. இந்த ஏரியில பெரும்பகுதி ஆந்திராவுலதான் இருக்கு. ஒடிசாவோட சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவுல பெரிய உப்பங்கழி இதுதான். வடக்கு தெற்கா ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். பார்த்தா கடல் மாதிரி இருக்கும், ஆனா நிறைய இடத்துல இடுப்பளவு தண்ணிதான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல நீளமா ஒரு மணல் திட்டு, அதுதான் ஸ்ரீஹரிகோட்டா தீவு. தீவோட தெக்கு முனைக்கு இந்தப் பக்கம், ஏரி கடலோட சேர்ற வாய்க்குப் பக்கத்துல எங்க ஊர். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனா லைட்ஹவுஸ் குப்பம், அதுக்கப்புறம் நிஜக் கடல்.

ஊருக்குள்ள நடந்தா பத்து நிமிஷத்துல நாலு நூற்றாண்டைத் தாண்டிடலாம். மார்க்கெட் பக்கத்துல டச்சுக்காரங்க கல்லறை. வாசல்லயே எலும்புக்கூடு சிற்பம் நிக்கும். சின்ன வயசுல அந்தப் பக்கம் போனா கண்ணை மூடிக்கிட்டு ஓடுவேன். கல்லறையைத் தொல்லியல் துறை நல்லாப் பாத்துக்குது. எதிர்ல கோட்டை இருந்த இடம்தான் முள்ளும் புதரும் மேடுமா கெடக்கு. 1613ல டச்சுக்காரங்க கட்டின கெல்ட்ரியா கோட்டை அது. சோழமண்டலக் கரையில அவங்களுக்குத் தலைமை இடமே இதுதான். 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்திட்டாங்க. கடைசியா 1825ல ஊர் வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. இங்க வெடிமருந்து செஞ்சாங்க, துணி ஏத்துமதி பண்ணாங்க, பஞ்ச காலத்துல ஆயிரக்கணக்கான சனங்களை அடிமையா வாங்கி பதாவியாவுக்குக் கப்பல்ல அனுப்பினாங்க. இது எதுவும் எங்க ஸ்கூல்ல சொல்லித் தரல.

நான் தெரிஞ்சுக்கிட்டது ஒரு லுங்கியால. கோலாலம்பூர் க்ளையண்ட் ஆபீஸ்ல ஒரு மலாய் நண்பர் இருந்தார். பேச்சுவாக்குல, வீட்டுல கட்டற கட்டம் போட்ட கைலிக்கு அவங்க ஊர்ல "காயின் பெலிகாட்"னு பேர்னு சொன்னார். பெலிகாட்னா என்னன்னு கேட்டேன். இந்தியாவுல ஏதோ ஒரு துறைமுகமாம், பழைய காலத்துல அங்கிருந்துதான் துணி வருமாம்னார். "யோவ், அது எங்க ஊருய்யா!"ன்னு தமிழ்லயே கத்திட்டேன். உலகத்துக்கே துணி அனுப்பின ஊர்ல இப்ப ஒரு சட்டை எடுக்கணும்னா பொன்னேரிக்கு பஸ் ஏறணும்.

வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. துறைமுகமும் போச்சு. பள்ளிவாசலும் பெருமாள் கோயிலும் மாதா கோயிலும் நிக்குது. முஸ்லிம் வீடுகள்ல பெண்கள் இன்னும் பனை ஓலையில பெட்டி முடையறாங்க. அதோட தண்ணி இருக்கு, தண்ணியைப் பங்கு போட்டுக்கற முறையும் இருக்கு.

அந்த முறைக்குப் பேர் பாடு. ஏரியில எல்லா இடமும் ஒண்ணு இல்லீங்க. முகத்துவாரத்துக்கிட்ட எறா நிறைய வரும், உள்ள தள்ளிப் போகப் போகக் கம்மி. முந்திப் போறவனுக்கே நல்ல இடம்னு விட்டா தினம் வெட்டுக்குத்துதான். அதனால இடத்தைப் பிரிச்சு, சீட்டுப் போட்டு, இன்னைக்கு இவங்க நாளைக்கு அவங்கன்னு முறை வச்சு வலை கட்டுவாங்க. இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவன் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போகணும். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரவுண்ட் ராபின்னு ஒரு பாடம் வரும். வாத்தியார் அதை ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுது. அட, இது எங்க அப்பா பண்றதுதானேன்னு.

பெருமையா சொல்றேன்னு நினைக்காதீங்க. பாடு எல்லாருக்கும் கிடையாது. பட்டினவர் ஆம்பளையா இருக்கணும், கல்யாணம் ஆகித் தலைக்கட்டு ஆகியிருக்கணும். பொம்பளைங்களுக்கு இல்ல. அதே தண்ணியில கையால எறா தடவிப் பிடிக்கிற இருளர்களுக்கும் இல்ல. எங்களுக்குள்ள நியாயமா இருக்கற முறை, வெளியில நிக்கறவங்களுக்கு வேலிதான். காலேஜ் போன பிறகுதான் எனக்கு அது உறைச்சுது. அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன். "எல்லாரும் வந்தா யாருக்கு மிஞ்சும்?"னார். அந்தக் கேள்விக்கு என்கிட்டயும் பதில் இல்ல.

மிஞ்சறதே இப்போ கம்மி. கோடையில முகத்துவாரத்துல மணல் ஏறி வாய் மூடிக்கும். கடல் தண்ணி உள்ள வரலைன்னா எறாக்குஞ்சும் வராது, ஏரி சூடாகிக் கெட்டுப் போகும். முன்னாடியும் மூடும்தான், ஆனா இப்ப மாதிரி இல்லன்னு பெரியவங்க சொல்றாங்க. தெக்கால எண்ணூர்ல 2001ல துறைமுகம் வந்துச்சு, அப்புறம் காட்டுப்பள்ளியிலயும் ஒண்ணு. கடல் மணலோட போக்கே மாறிப் போச்சுன்னு குப்பத்துல சொல்லாத ஆள் கிடையாது. காட்டுப்பள்ளியை இன்னும் பெருசாக்கணும்னு பேச்சு வந்ததுல இருந்து எங்க ஊர் சனங்க மறியல், மனுன்னு அலையறாங்க. வடக்கே ராக்கெட் விடற அன்னைக்கு, கடலுக்குப் போகாதேன்னு தகவல் வந்துடும். கரையில நின்னு நெருப்பு மேல போறதைப் பார்ப்போம். கை தட்டவும் செய்வோம், அன்னைக்கு அடுப்புக்கு என்னன்னும் யோசிப்போம்.

இப்ப என் கதை. வர்ற தை மாசம் எனக்குக் கல்யாணம். (வாழ்த்து சொல்றவங்க சொல்லிக்கலாம்.) போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சார்.

"தலைக்கட்டுல உன் பேரு எழுதணுமாடா? ஊர்ல கேக்கறாங்க."

பேர் எழுதினா ஊர் வரி கட்டணும், நல்லது கெட்டதுக்கு நிக்கணும், முறை வந்தா வலை கட்டணும். எழுதலைன்னா எங்க வீட்டுல அப்பாவோட முடிஞ்சுது. அவருக்குத் தோள்பட்டை போயிடுச்சு, ரெண்டு வருஷமா சித்தப்பா பையன்தான் கூடப் போறான். நான் பேரை மட்டும் எழுதி வச்சுட்டு ஓஎம்ஆர்ல ஏசியில உக்காந்திருந்தா, தினம் தண்ணியில நிக்கிறவன் பங்குல நான் கை வைக்கிற மாதிரி.

"நானும் ஒரு நாள் வரேம்பா"ன்னேன். சிரிச்சார். அன்னைக்கு ராத்திரி எங்க முறை. போனேன். கழி ஊனி வலை கட்டறதுக்குள்ளயே இடுப்பு விட்டுப் போச்சு. சேத்துல கால் மாட்டி ரெண்டு தடவை விழுந்தேன். தம்பி எதுவும் சொல்லாம வந்து தூக்கி விட்டான். விடியக்காலையில வலையைத் தூக்கினா ஒரு கூடை கூட நிறையல. மடவை கொஞ்சம், நண்டு கொஞ்சம், எறா பேருக்கு. "பரவால்ல, நாளைக்கு அடுத்தவங்களுக்குக் கிடைக்கும்"னார் அப்பா. நான் ஒரு தடவை அப்ரைசல் சரியில்லன்னு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசாம இருந்தேன்.

பஸ் ஏறறப்ப சொல்லிட்டேன். "என் பேரு வேணாம்பா. தம்பிக்கும் சீக்கிரம் கல்யாணத்தை முடிங்க, அவன் பேரை எழுதுங்க. ஊர் வரி எவ்ளோன்னு சொல்லுங்க, நான் கட்டறேன்." அப்பா தலையாட்டினார். பஸ் கிளம்பற வரைக்கும் அங்கயே நின்னார், ஆனா என் பக்கம் பார்க்கல. நான் சொன்னது சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா பொன்னேரி வர்ற வரைக்கும் கையில சேத்து வாசனை போகல. கழுவிக்கணும்னும் தோணல.

சரி, ரொம்ப அறுத்துட்டேன். எங்க ஊருக்கு வர்றவங்க டிசம்பர், ஜனவரியில வாங்க, பூநாரை பார்க்கலாம். கல்லறையைப் பாருங்க, கோட்டை மேட்டையும் பாருங்க. படகு சவாரிக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் ஏறாதீங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் படகு கவுந்து இருபதுக்கு மேல செத்தாங்க, அதுக்கப்புறம்தான் தடையே போட்டாங்க. போறப்ப கரையில ஒரு கிலோ எறா வாங்கிட்டுப் போங்க. பேரம் பேசாம வாங்கினீங்கன்னா இன்னும் சந்தோஷம் :-)